கடைசிக் கட்டத்தில் ஒரு முகம்

1956 ஜனவரி-பெப்ரவரி என்று அட்டையில் திகதி போட்ட, 10 சதம் விலையுள்ள ஒரு அமெரிக்கக் கொமிக்ஸ் புத்தகம். பெயர் 'இன்கிரெடிபிள் சயன்ஸ் ஃபிக்‌ஷன்', இலக்கம் 33. அதோடு தொடர் நின்றுபோனது. தொடர் மட்டுமில்லை, அதை வெளியிட்ட ஈ.சி. கொமிக்ஸ் என்ற நியூயோர்க் நிறுவனம் அதுக்குப் பிறகு இந்த வகைக் கொமிக்ஸ் புத்தகம் ஒன்றைக்கூடப் போடவில்லை.

33 என்ற இலக்கத்தைப் பார்த்து நீண்ட ஆயுள் என்று நினைக்க வேண்டாம். இந்தப் பெயரில் வந்தது நாலே நாலு இதழ். முன்னால் 'வியர்ட் சயன்ஸ்-ஃபாண்டஸி' என்று ஓடிய தொடரின் இலக்கத்தை அப்படியே தொடர்ந்தார்கள். அதற்கும் முதல் அது இரண்டு தனித் தொடர்களாக இருந்து, 1954இல் ஒன்றாக்கப்பட்டது. விஞ்ஞானப் புனைகதை ஈ.சி.க்குப் பெரிதாக உழைத்துக் கொடுக்கவில்லை. பேய்க்கதைகள் உழைத்த காசுதான் இதைத் தாங்கிப் பிடித்தது. அந்தப் பேய்க்கதைகளே கடைசியில் எல்லாவற்றுக்கும் வினையாகவும் வந்தன.

நிறுவனத்தின் உரிமையாளர் வில்லியம் கெயின்ஸ் இந்தத் தொழிலுக்கு ஆசைப்பட்டு வந்தவர் அல்ல. இரசாயனவியல் ஆசிரியராக வரப் படித்துக்கொண்டிருந்தவர். 1947இல் தகப்பன் படகு விபத்தில் இறந்ததால் வியாபாரம் தலையில் விழுந்தது. தகப்பன் காலத்தில் ஈ.சி. என்பதில் 'ஈ' கல்வியைக் குறித்தது. பைபிள் கதைகளைப் படமாகப் போட்ட கம்பனி அது. மகன் அந்த 'ஈ'யைப் பொழுதுபோக்கு என்று மாற்றினார். 1950இலிருந்து பிணம், இரத்தம், கோடரி என்று போட்டுத் தள்ளினார்கள். சும்மா சொல்லக்கூடாது, சிலது உண்மையிலேயே அருவருப்பானவை.

1954இல் பிரெட்றிக் வேர்தம் என்ற மனநல மருத்துவர், கொமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று ஒரு புத்தகம் எழுதினார். அதே வருடம் ஏப்ரல் 21ஆம் திகதி அமெரிக்க செனற்றின் உபகுழு முன்னால் கெயின்ஸ் தானாகப் போய்ச் சாட்சி சொன்னார். வெட்டிய பெண் தலையை ஒருவன் தூக்கிப் பிடித்திருக்கிற ஈ.சி. அட்டை ஒன்றைக் காட்டி, இது நல்ல ரசனையா என்று ஒரு செனற்றர் கேட்டார். திகில் கொமிக்ஸின் அட்டை என்ற அளவில் நல்ல ரசனைதான் என்றார் கெயின்ஸ். அந்தப் பதிலை அடுத்தநாள் பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன.

வழமையாக இந்தக் கதையைச் சொல்பவர்கள் வேர்தமை வில்லனாக நிறுத்திவிட்டுப் போய்விடுவார்கள். ஆனால் இதே வேர்தம்தான் 1946இல் ஹார்லெமில் கறுப்பின மக்களுக்காக ஒரு மனநலச் சிகிச்சை நிலையத்தைத் தொடங்கியவர். பாடசாலைகளில் பிள்ளைகளை நிறம் பார்த்துப் பிரித்து வைப்பது அவர்களின் மனதை எப்படிப் பாதிக்கிறது என்று டெலவெயர் மாநில வழக்கொன்றில் சாட்சி சொன்னவரும் அவர்தான். அந்த வழக்கு, 1954 மே மாதம் உச்ச நீதிமன்றம் பாடசாலைப் பிரிவினையைச் சட்டவிரோதம் என்று தீர்த்த வழக்குகளில் ஒன்று. கொமிக்ஸில் கறுப்பர்களைக் காட்டுமிராண்டிகளாக வரைவதையும் அவர் கண்டித்திருந்தார். இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அரசாங்கம் சட்டம் கொண்டு வரமுதல் தாங்களே கட்டுப்பாடு போட்டுக்கொள்வோம் என்று பதிப்பாளர்கள் முடிவெடுத்தார்கள். தணிக்கையை எதிர்த்துப் போராட ஆட்களைக் கூட்டியவர் கெயின்ஸ். கூடிய கூட்டம் மறுபக்கம் திரும்பி, தானே ஒரு தணிக்கைச் சங்கமாக மாறியது. 1954 ஒக்ரோபரில் 'கொமிக்ஸ் கோட்' வந்தது. அட்டையில் அதன் முத்திரை இல்லாவிட்டால் மொத்த விநியோகஸ்தர்கள் தொடமாட்டார்கள். தலைப்பில் 'திகில்' கூடாது, இரத்தக்காட்டேரி கூடாது, நடைப்பிணம் கூடாது. ஈ.சி.யின் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதின மாதிரியே இருந்தது. கெயின்ஸ் திகில் தொடர்களை நிறுத்தினார். முதலில் முத்திரை இல்லாமல் புதிய தொடர்களை விட்டுப் பார்த்தார். கட்டுகள் பிரிக்கப்படாமலே திரும்பி வந்தன. வேறு வழியில்லாமல் அவரும் சங்கத்தில் சேர்ந்தார்.

சங்கத்தின் தணிக்கை அதிகாரி சார்ல்ஸ் மேர்பி, நியூயோர்க்கில் நீதவானாக இருந்தவர். 33ஆவது இதழுக்காக ஏஞ்சலோ ரொறெஸ் வரைந்த ஒரு கதையை அவருடைய அலுவலகம் முழுசாகவே நிராகரித்தது. (அந்தக் கதை 1971இல்தான் அச்சைக் கண்டது.) இடம் காலி, நேரம் இல்லை. ஆசிரியர் அல் பெல்ட்ஸ்டைன், மூன்று வருடத்துக்கு முதல் தானே எழுதி ஜோ ஒர்லாண்டோ வரைந்த ஒரு பழைய கதையை எடுத்துப் போட்டார். தலைப்பு 'தீர்ப்பு நாள்'. 1953இல் 'வியர்ட் ஃபாண்டஸி' 18ஆவது இதழில் ஒரு பிரச்சினையும் இல்லாமல் வந்த கதை. எழுத்தாளர் ரே பிராட்பரி அதைப் பாராட்டிக் கடிதம்கூட எழுதியிருந்தார்.

கதை இதுதான். ரோபோக்கள் மட்டும் வாழும் ஒரு கிரகம். பூமியிலிருந்து டார்ல்டன் என்ற அதிகாரி அங்கே இறங்குகிறார். பல உலகங்கள் சேர்ந்த குடியரசில் இணைய இவர்களுக்குத் தகுதி இருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. செம்மஞ்சள் ரோபோக்கள் எல்லாவற்றையும் பெருமையாகச் சுற்றிக் காட்டுகின்றன. நீல ரோபோக்கள் எங்கே என்று அவர் கேட்க, ஊரின் மறுபக்கத்துக்குக் கூட்டிப் போகிறார்கள். பஸ்ஸில் நீலத்துக்குப் பின்பக்கம்தான் இடம். தொழிற்சாலைக்குள் போய்ப் பார்த்தால் இரண்டுக்கும் உள்ளே அதே பாகங்கள், வெளித்தகடு மட்டும்தான் வேறு. கற்பிக்கிற இடத்தில்தான் ஒன்றை மேலே, ஒன்றைக் கீழே என்று ஆக்கி அனுப்புகிறார்கள். உங்களுக்கு இன்னும் காலம் வரவில்லை, ஆனால் பூமியும் ஒருகாலம் இப்படித்தான் கிடந்தது என்று சொல்லிவிட்டு டார்ல்டன் புறப்படுகிறார். கதை முழுக்கத் தலையில் ஹெல்மெற், முகம் தெரியாது. கடைசிக் கட்டத்தில், ரொக்கெற்றுக்குள் தனியே இருக்கும்போது அதைக் கழற்றுகிறார். கறுப்பு மனிதன். முகத்தில் வியர்வைத் துளிகள் மினுங்குகின்றன.

வகுப்பில் பாடம் எடுப்பது போலத்தான் கதை நடக்கிறது என்பது எங்கள் அபிப்பிராயம். செம்மஞ்சள், நீலம் என்றவுடனேயே யாருக்கும் பிடிபட்டுவிடும். ஆனால் அந்தக் கடைசிக் கட்டம் அந்தக் குறையை மறக்கப் பண்ணுகிறது. வாசிக்கிறவர் இவ்வளவு நேரமும் ஹெல்மெற்றுக்குள்ளே ஒரு வெள்ளை முகத்தைத் தானாகவே வைத்துப் பார்த்திருப்பார். ஒருவரும் அப்படி வைக்கச் சொல்லவில்லை.

அந்தக் கட்டத்தைத்தான் மேர்பி மறித்தார். பெல்ட்ஸ்டைனும் கெயின்ஸும் பின்னாளில் சொன்னபடி, அவர் கறுப்பராக இருக்கக்கூடாது என்பதுதான் உத்தரவு. அது இல்லாவிட்டால் கதையே இல்லையே என்று பெல்ட்ஸ்டைன் வாதாடினார். கெயின்ஸ் தொலைபேசியில் பிடித்து, இதைப் பத்திரிகைகளிடம் கொண்டுபோவேன், வழக்கும் போடுவேன் என்றார். மேர்பி இறங்கி வந்தார். எவ்வளவு இறங்கினார் தெரியுமா? சரி, ஆள் இருக்கட்டும், அந்த வியர்வையை மட்டும் எடுத்துவிடுங்கள் என்றார். தூசணத்தால் ஒரு பதிலைச் சொல்லிவிட்டு, ஒரு புள்ளியும் மாற்றாமல் அச்சுக்கு அனுப்பினார்கள்.

அந்த வியர்வையைப் பற்றி நாங்கள் நிறையக் கதைத்திருக்கிறோம். அதில் என்ன ஆபாசம், என்ன வன்முறை? கோட்டின் எந்த விதியிலும் அதுக்கு இடமில்லை. சொல்லப்போனால், எந்த இனத்தையும் கேலி செய்வதோ தாக்குவதோ ஒருபோதும் கூடாது என்றுதான் அதில் எழுதியிருந்தது. நல்ல விதிதான். வேர்தம் போன்றவர்களின் கோபத்திலிருந்து பிறந்த விதியும்கூட. அதைக் கையில் வைத்திருந்த அலுவலகம்தான் ஒரு விண்வெளி அதிகாரி கறுப்பராக இருப்பதைப் பொறுக்க முடியாமல் நின்றது. முகத்தை மாற்ற முடியாவிட்டால் வேறு எதையாவது மாற்றியே ஆகவேண்டும் என்ற அதிகாரியின் பிடிவாதம் என்று இதை எங்களில் சிலர் வாசிக்கிறோம். வியர்வைதான் அந்த முகத்தை அழகாக்கியது, உறுத்தினது அந்த அழகுதான் என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். இரண்டுமே உண்மையாக இருக்கலாம்.

1953இல் ஒருவரும் மறிக்காத கதை அது. இடையில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்துவிட்டது. 1955 ஓகஸ்ட்டில் மிசிசிப்பியில் 14 வயது எமற் ரில் கொல்லப்பட்டான். அவனைக் கொன்றவர்களை முழுக்க வெள்ளையர்களைக் கொண்ட ஜூரி விடுதலை செய்தது. டிசம்பர் முதலாம் திகதி மொன்ற்கொமெரியில் ரோசா பார்க்ஸ் பஸ்ஸில் எழும்ப மறுத்தார். நீல ரோபோக்களைப் பின்னால் ஏற்றிய பஸ், இப்போது எல்லாப் பத்திரிகையிலும் ஓடிக்கொண்டிருந்தது.

இதை வைத்துத்தான் தணிக்கையாளர் தொடரைக் கொன்றார் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும், ஆனால் நடந்தது அவ்வளவு நேரானதில்லை. இந்தச் சண்டையில் ஈ.சி. வென்றது. மேர்பியின் சங்க முத்திரை அட்டையில் இருக்க, உள்ளே வியர்வையோடு டார்ல்டன் இருந்தார். தொடரை நிறுத்தியது கணக்குப் புத்தகம். புதிய தொடர்கள் ஒவ்வொன்றாக நட்டத்தில் விழுந்தன. 1956இல் விநியோகக் கம்பனியும் வங்குரோத்தானது. 'மாட்' மட்டும் தப்பியது. அது 1955இலேயே 25 சதச் சஞ்சிகையாக மாறிவிட்டதால் கோட்டின் கைக்கு எட்டாமல் இருந்தது. பெல்ட்ஸ்டைன் 1956இல் அதுக்கு ஆசிரியராகி, 1980களின் நடுப்பகுதி வரை இருந்தார்.

கோட் இன்னும் நீண்ட காலம் கிடந்தது. மார்வெல் 2001இல் விலகியது. டி.சி.யும் ஆர்ச்சியும் 2011இல் கைவிட்டதோடு முத்திரை செத்துப்போனது. 'தீர்ப்பு நாள்' திரும்பத் திரும்ப மறுபதிப்பாகிறது. கிடைத்தால் இரண்டு தரம் வாசியுங்கள். இரண்டாம் தரம் ஹெல்மெற்றை மட்டும் கவனியுங்கள்.