மருந்து மரமும் இளம் ஆய்வாளரும்

  ஏலக்காயின் பெருமையும் போடிநாயக்கனூரின் கொடைச் சிறப்பும் இவ்வூரார்க்குத் தெரிந்தவை. அக்கொடை மருத்துவ ஆய்வில் அடியெடுத்து வைக்கும் இளையோர்க்கும் நீள வேண்டும் என்பதே என் விண்ணப்பம்.

ஒப்புரவறிதல் அதிகாரத்தில் பெருந்தகையாளரின் செல்வத்தை மருந்து மரத்துக்கு ஒப்பிடுகிறார் வள்ளுவர். அக்குறளுக்குப் பரிமேலழகர் கண்ட உரை நான் என்றும் போற்றுவது. மருந்தாகும் மரம் மூன்று வகையில் பயன்படாது போகலாம் என்கிறார் அவர்: எட்டாத இடத்தில் நின்றால், மறைந்து நின்றால், காலத்தால் வேறுபட்டால். அறக்கட்டளைக்கு இதனினும் சிறந்த விதியை நான் கண்டதில்லை. இத்தகைய அறம் நமக்குப் புதிதன்று: வீரராசேந்திர சோழரின் திருமுக்கூடல் கல்வெட்டில், 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை என்னும் மருத்துவமனையையும் மாணாக்கர் விடுதியையும் ஒரே கோயில் நிவந்தம் தாங்கியதைக் காண்கிறோம்.

நம் காலத்துச் சான்று மருத்துவ ஆய்வாளர் எல்லாப்பிரகத சுப்பாராவ். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற காலத்தில் கதர் அணிந்ததற்காக ஆங்கிலேயப் பேராசிரியரின் வெறுப்புக்கு ஆளானவர். சகோதரர் இருவரை ஸ்ப்ரூ என்னும் குடல்நோய்க்குப் பறிகொடுத்தவர். 1923-இல் அவர் ஹார்வர்டுக்குக் கப்பலேற மாமனாரோடு கைகொடுத்தது காக்கிநாடாவின் மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறநிலை. பர்மாவில் ஈட்டிய வணிகப் பொருள் அது. போஸ்டனில் இரவில் மருத்துவமனை ஏவலராக உழைத்துக்கொண்டே படித்தார். 1945-இல் அவர் குழுவினர் ஃபோலிக் அமிலத்தை ஆய்வகத்தில் ஆக்கினர். ஸ்ப்ரூவுக்கும் அது மருந்தாயிற்று. யானைக்கால் நோய்க்கு இன்றும் நம் சுகாதாரப் பணியாளர் வீடுதோறும் தரும் டிஇசி மாத்திரையும் அவர் குழுவின் கொடையே. மெத்தோட்ரெக்சேட் என்னும் புற்றுநோய் மருந்தும் அவ்வழி வந்தது. ஆய்வுக்குக் கொடுத்தவர் இன்னொருவரும் உண்டு: மனைவி மெஹர்பாயை 1931-இல் இரத்தப் புற்றுநோய்க்கு இழந்த தொழிலதிபர் தோராப்ஜி டாடா, மறு ஆண்டே அந்நோய் ஆய்வுக்கென அறக்கட்டளை கண்டார். அதே நோயால் வாடும் குழந்தைகளை இன்று காக்கும் மருந்துகளுள் ஒன்று மெத்தோட்ரெக்சேட். காக்கிநாடாவில் கொடுத்தவர்கள் இதையெல்லாம் எதிர்பார்த்தா கொடுத்தார்கள்? படிக்கத் துடித்த ஒருவனை நம்பினார்கள், அவ்வளவே.

அன்பர்களே, விடியுமுன் ஜீப்பேறிப் போடிமெட்டு கடந்து ஏலத் தோட்ட வேலைக்குப் போகும் நம் தாய்மார்களையும், அத்தோட்டங்களில் பூச்சிமருந்தடிக்கும் ஆண்மக்களையும் நினையுங்கள். அவர்கள் நுரையீரலையும் நரம்பையும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து ஆராய, தேனி அரசு மருத்துவக் கல்லூரியில் பயிலும் ஓர் இளம் மருத்துவருக்கேனும் நாம் துணை நிற்போம். ஏலக்காய் விற்பனையில் ஒரு சிறு பங்கை ஒதுக்கி நிலைவைப்பாக்கி, வட்டியிலிருந்து உதவித்தொகை வழங்கினால் விலை சரிந்த ஆண்டிலும் அது நில்லாது. மருந்து மரம் மறைந்து நில்லாதபடி, உதவித்தொகை அறிவிப்பு கல்லூரிப் பலகையில் எல்லார் கண்ணிலும் படட்டும். எட்டாத இடத்தில் நில்லாதபடி, விண்ணப்பத்தைத் தமிழிலும் ஏற்போம்.