ஒரே கொட்டகை, ஆறு பலகைகள்

2009 ஆகஸ்ட் 30, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். காலேஜ் ஹாஸ்டல் டிவி ரூமில் மொத்தம் ஐந்து பேர்தான். அன்றைக்கு கிரிக்கெட் இல்லை, அதனால் ரிமோட் எங்கள் கையில். பெல்ஜியத்தில் ஸ்பா ஓடுதளம், ஃபார்முலா ஒன். எல்லாருக்கும் முன்னால் கிளம்பத் தயாராக நின்றது வெள்ளை, ஆரஞ்சு, பச்சை பூசிய ஒரு கார். ஃபோர்ஸ் இந்தியா. 2008இல் களமிறங்கியதிலிருந்து அதுவரை ஒரு பாயிண்ட்கூட எடுக்காத டீம்.

ஆரம்பத்தில் வந்த சேஃப்டி கார் விலகியதும், ஃபெராரியில் வந்த கிமி ரைக்கோனன் முந்திவிட்டார். பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலைச் சேர்த்துவைத்து, நேர்ச்சாலையில் கூடுதல் வேகமாகத் திருப்பித்தரும் கெர்ஸ் அவர் காரில் இருந்தது, நம்முடையதில் இல்லை. (பார்த்தீர்களா, அரைமணி நேரத்தில் ‘நம்முடையது’ ஆகிவிட்டது.) ஃபிசிகெல்லா கடைசிவரை அவர் வாலைப் பிடித்துக்கொண்டே போய், ஒரு நொடிக்கும் குறைவான இடைவெளியில் இரண்டாவதாக வந்தார். ஐந்து பேரும் சேர்ந்து கத்தினதில் வார்டன் எழுந்து வந்துவிட்டார்.

அந்த கார் இந்தியாவில் செய்ததில்லை, ஓட்டியவர் இத்தாலிக்காரர் என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியும். தொழிற்சாலை இங்கிலாந்தில், சில்வர்ஸ்டோன் ஓடுதளத்துக்கு எதிரே. எடி ஜோர்டான் தன் பெயரில் 1991இல் ஃபார்முலா ஒன்னுக்குக் கொண்டுவந்த டீம் அது. கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005இல் ஓட்டியது இதே ஜோர்டானுக்குத்தான். ஆக, அந்தக் கொட்டகைக்குள் இந்திய முதலாளிக்கு முன்னாலேயே தமிழன் நுழைந்தாயிற்று. 2006இல் பலகை மிட்லண்ட் ஆனது, அடுத்து ஸ்பைக்கர். 2007இல் விஜய் மல்லையாவும் டச்சுக்காரர் மிகியல் மோலும் 8.8 கோடி யூரோவுக்கு வாங்கினார்கள். இதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றுமில்லை. எங்கள் அரியலூரே 2001இல் தனி மாவட்டமாகி, 2002இல் திரும்ப பெரம்பலூரோடு சேர்ந்து, 2007இல் மறுபடி பிரிந்த ஊர். பஸ் ஸ்டாண்ட் மட்டும் அதே இடத்தில்.

மல்லையா இளவயதில் சோழவரத்தில் கார் ஓட்டியவர். உலகப்போர் காலத்து விமான ஓடுபாதை அது. இருங்காட்டுக்கோட்டை வருவதற்கு முன்னால் மெட்ராஸ்காரர்களுக்கு ரேஸ் என்றால் சோழவரம்தான். அந்தப் பித்து நிஜமானது என்றே நினைக்கிறேன். பணம்தான் வேறு கதை.

2011இல் சஹாரா குழுமம் 10 கோடி டாலர் போட்டு 42.5 சதவீதப் பங்கு வாங்கியது. அடுத்த வருடமே கிங்ஃபிஷர் ஏர்லைன்ஸ் மூச்சுத் திணறியது. ஊழியர்களுக்கு மாசக்கணக்கில் சம்பளம் இல்லை. 2012 அக்டோபர் 20 அன்று அதன் பறக்கும் உரிமம் நிறுத்தப்பட்டது. எட்டே நாளில், 28ஆம் தேதி, நொய்டா பக்கத்து புத் ஓடுதளத்தில் இந்தியன் கிராண்ட் பிரீ. ஃபோர்ஸ் இந்தியா கார்கள் பளபளவென்று ஓடின, ஹல்கன்பர்க் எட்டாவது. அன்றைக்கும் நான் கைதட்டினேன். அதை நினைத்தால் இப்போது கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

2014இல் சஹாராவின் சுப்ரதா ராய் ஜெயிலுக்குப் போனார். 2016 மார்ச்சில் மல்லையா நாட்டை விட்டே கிளம்பினார். வேடிக்கை என்னவென்றால், முதலாளிகள் சரியச் சரிய டீம் மேலே ஏறியது. 2016இல் 173 புள்ளி, 2017இல் 187, இரண்டு வருடமும் நான்காவது இடம். எஞ்சினும் கியர்பாக்ஸும் மெர்சிடிஸிடம் விலைக்கு வாங்கிக்கொண்டு, மிச்சத்தை நானூறு பேர் செய்தார்கள். பெரிய டீம்களில் ஆள்பலம் அதைப்போல இரண்டு மடங்கு.

2018 ஜூலையில் முடிந்துபோனது. பிரிட்டிஷ் வரித்துறை உட்பட கடன்காரர்கள் கம்பெனியைக் கலைக்கச் சொல்லி கோர்ட்டுக்குப் போயிருந்தார்கள். கலைத்தால் கதவைச் சாத்தி, இருப்பதை விற்றுப் பிரித்துக்கொள்வதுதான். அதற்குள் டிரைவர் செர்ஜியோ பெரஸ் முந்திக்கொண்டார். அவருக்கே சுமார் 40 லட்சம் டாலர் சம்பள பாக்கி. அந்தக் கடன்காரர் என்ற தகுதியில், நிர்வாகியை நியமிக்கச் சொல்லி அவரே மனு போட்டார். முதலாளி கையிலிருந்து பிடுங்கி, டீமை உயிரோடு விற்பதற்கான வழி அது. ஹங்கேரி பந்தயத்துக்கு இரண்டு நாள் முன்னால் லண்டன் கோர்ட் ஒத்துக்கொண்டது. தன் முதலாளியைத் தானே கோர்ட்டுக்கு இழுத்த டிரைவர்!

லாரன்ஸ் ஸ்ட்ரோல் தலைமையில் ஒரு கூட்டணி வாங்கியது. 405 பேர் வேலையும் தப்பியது. ஆனால் பழைய கம்பெனி போனதால் அதுவரை எடுத்த 59 புள்ளியும் போச்சு. புது டீம் பூஜ்யத்தில் தொடங்கியது அதே ஸ்பாவில். பெரஸ் ஐந்தாவது, ஒகான் ஆறாவது. ஒரே நாளில் 18 புள்ளி. அடுத்த வருடம் பலகை ரேஸிங் பாயிண்ட், 2021இல் ஆஸ்டன் மார்ட்டின்.

இந்தக் கதையைப் போன பொங்கலுக்கு ஊரில் பெரியப்பாவிடம் சொன்னேன். அரியலூர் சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் அடிக்கும் டிப்பர் இரண்டு வைத்திருந்தவர். டியூ கட்ட முடியாமல் இரண்டையும் ஃபைனான்ஸ்காரன் தூக்கிக்கொண்டு போனபோது டிரைவருக்கு நாலு மாச சம்பளமும் பேட்டாவும் நின்றிருந்தது. அந்த அண்ணன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திருப்பூருக்குப் போனார் என்று மட்டும் கேள்வி.

மல்லையா, சஹாரா, லண்டன் கோர்ட் எல்லாவற்றையும் பெரியப்பா பொறுமையாகக் கேட்டார்.

“அந்த டிரைவருக்குப் பாக்கி வந்துச்சாடா?”

“கடன்காரங்க எல்லாருக்கும் முழுசா குடுத்துடுவோம்னு நிர்வாகிங்க சொன்னாங்க பெரியப்பா.”

சரி என்று தலையாட்டிவிட்டு, சட்டைப் பையில் எதையோ தேட ஆரம்பித்தார்.