ஐந்தாம் வகுப்போடு நின்ற பழைய மாணவி

1946 ஆம் ஆண்டளவில் இலங்கையில் பிறந்த ஒரு பெண் குழந்தையின் சராசரி ஆயுட்காலம் ஏறத்தாழ 42 ஆண்டுகள். ஆண் குழந்தைக்கு 44. இயல்பாகப் பெண்ணுக்கே ஆயுள் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும். அக்காலத்தில் அது தலைகீழாக இருந்தது. ஆயிரம் பிரசவங்களுக்குப் பதினைந்து தாய்மார் அளவில் இறந்துகொண்டிருந்தார்கள். இன்று அந்த எண்ணிக்கை ஒரு இலட்சத்துக்கு ஐம்பதிலும் குறைவு. மருத்துவ மாணவியாக இருந்த காலத்தில் இந்தப் புள்ளிவிபரங்களைப் படித்தபோது, அவற்றுக்குள் எங்கள் வீட்டுக் கதையும் இருப்பதைக் கண்டேன். என் அம்மம்மா 1924 இல் பிறந்து, 97 வயது வரை வாழ்ந்தவர். எமது கல்லூரியின் பழைய மாணவி. ஆனால் எந்த விருதுப் பலகையிலும் அவரது பெயர் இல்லை.

அவர் 1930 இல் கல்லூரியிற் சேர்ந்தார். அவரின் தகப்பனார், அக்கால யாழ்ப்பாணத்து ஆண்கள் பலரைப் போலவே, தென்பகுதியில் அரசாங்க உத்தியோகம் பார்த்தவர். குருநாகல் மாவட்டத்தில் புகையிரத நிலையமொன்றில் எழுதுவினைஞர். 1934 இன் கடைசியில் தொடங்கிய மலேரியாக் கொள்ளைநோய் குருநாகல், கேகாலை மாவட்டங்களையே கடுமையாகத் தாக்கியது. சில மாதங்களுள் நாட்டில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தனர். அவர்களுள் என் பூட்டனாரும் ஒருவர். மாதாமாதம் வந்த காசுக் கட்டளை நின்றது. ஆங்கிலப் பாடசாலைகளில் அப்போது கட்டணம் செலுத்த வேண்டும். மீதமிருந்த பணம் இரண்டு தம்பிமாரின் படிப்புக்கே போதும் என்று வீட்டுப் பெரியவர்கள் முடிவு செய்தனர். 1935 இல், ஐந்தாம் வகுப்போடு, பதினொரு வயதில் அம்மம்மா வீட்டில் நின்றார்.

1943 இல் திருமணம். மூன்று பெண்கள், இரண்டு ஆண்கள். அவரின் தாயாருக்கு எட்டுப் பிள்ளைகள் பிறந்து நால்வரே தப்பினர். அம்மம்மாவின் ஐவரும் வளர்ந்தனர். இதில் அதிர்ஷ்டத்துக்கும் பங்குண்டு. ஆனால் அதிர்ஷ்டம் மட்டுமல்ல. யாழ்ப்பாணத்தில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமென இணுவிலில் மக்லியொட் வைத்தியசாலை 1898 இலேயே திறக்கப்பட்டிருந்தது. ஆனாலும் ஊரிற் பெரும்பாலானோர் வீட்டுப் பிரசவத்தையே நம்பினர். அம்மம்மா மாமியாரோடு வாதாடி, ஐந்து முறையும் வண்டில் பிடித்து அங்கே போனார். மருந்துப் போத்தலில் எழுதியிருப்பதைத் தானே வாசித்தார். மருத்துவிச்சி அம்மா சொன்னவற்றைக் கொப்பியில் எழுதி வைத்தார். தாயின் கல்வி கூடக் கூடக் குழந்தைகளின் இறப்புக் குறைகிறது என்பதை இன்று பொதுச் சுகாதாரத்தில் யாரும் மறுப்பதில்லை. ஐந்து வருடப் படிப்புக்கூட எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு எனக்குத் தெரிந்த சாட்சி அந்தக் கொப்பிதான்.

1945 ஒக்ரோபரில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. கன்னங்கராவின் பெயரை நாம் நன்றியோடு சொல்கிறோம், சொல்லவும் வேண்டும். ஆனால் கட்டணம் போனபோது, "பெரியபிள்ளையான பிறகு பொம்பிளைப்பிள்ளைக்கு என்ன படிப்பு?" என்ற கேள்வி கூடவே போய்விடவில்லை. சட்டம் பாடசாலைக் கதவைத்தான் திறந்தது. வீட்டுக் கதவைத் திறந்து பிள்ளையை அனுப்ப, உள்ளே ஒருவர் நிற்க வேண்டியிருந்தது. எங்கள் வீட்டில் அப்படி நின்றவர் அம்மம்மா. மூன்று பெண்களையும் எமது கல்லூரியிலேயே சேர்த்தார்; ஒருவரையும் இடையில் மறிக்க விடவில்லை.

1968 இல் என் அம்மாவுக்குப் பேராதனைப் பல்கலைக்கழக அனுமதி கிடைத்தபோது, தன் சீதனக் காணியில் இரண்டு பரப்பை விற்க முடிவெடுத்தார். தேசவழமைச் சட்டப்படி, மணமான பெண் தன் பெயரிலுள்ள காணியை விற்பதற்கும் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அம்மப்பா நல்லவர், ஆனால் காணி என்றால் இலேசில் அசையாதவர். அந்த மாரிகாலம் முழுவதும் வீட்டில் இதே பேச்சுத்தான் என்று பெரியம்மா சொல்வார். கடைசியில் அவர் கையெழுத்து வைத்தார்.

சின்னம்மாவின் முறை வந்தபோது தடை வேறு இடத்திலிருந்து வந்தது. 1971 ஆம் ஆண்டு அனுமதியில் மருத்துவத்துக்குத் தமிழ்மொழி மூல மாணவர்க்கு 250 புள்ளிகளும், சிங்களமொழி மூல மாணவர்க்கு 229 புள்ளிகளும் தேவைப்பட்டன. சின்னம்மாவின் புள்ளிகள் இரண்டுக்கும் இடையில் இருந்தன. அவர் விஞ்ஞானப் பட்டம் பெற்று எமது கல்லூரிக்கே ஆசிரியையாக வந்தார். இதை வாசிக்கும் உங்களிற் சிலர் அவரிடம் இரசாயனம் படித்திருப்பீர்கள்.

என் தலைமுறையின் தடைகளை நீங்கள் அறிவீர்கள். 1990 இன் நடுப்பகுதியோடு குடாநாட்டில் மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய் தங்கத்தின் விலை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் கொஞ்ச எண்ணெயும் விட்டுச் சிறு திரி போட்ட விளக்கில் நாங்கள் படித்தோம். எங்கள் வீட்டில் எண்ணெய்க் கணக்குப் பார்ப்பவர் அம்மம்மா. சமையலறைக்கு விளக்கில்லை, இரவுச் சாப்பாடு பொழுதுபடுமுன் முடிந்துவிடும். மிஞ்சிய எண்ணெய் முழுவதும் படிப்பு மேசைக்கு. 1995 ஒக்ரோபர் 30 ஆந் திகதி வலிகாமமே எழும்பி நடந்தபோது எனக்கு வயது பதினாறு, அவருக்கு எழுபத்தொன்று. நாவற்குழிப் பாலத்தில் மழைக்குள் நகர முடியாத நெரிசலில், பொலித்தீனிற் சுற்றிய என் விஞ்ஞானக் கொப்பிகளை அவர் தன் சேலைத் தலைப்புக்குள் அணைத்து வைத்திருந்தார். அவருடைய தையல் மெசின் வீட்டிலேயே நின்றது. திரும்பி வந்தபோது அது இருக்கவில்லை. பின்னர் நான், 1978 இல் ஆரம்பமான யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் படித்து வைத்தியரானேன்.

தன் மூன்று பெண்களையும் எமது சங்கத்தில் ஆயுட்கால அங்கத்தவர்களாக்கியவர் அம்மம்மாதான். தான் மட்டும் ஒரு கூட்டத்துக்கும் வந்ததில்லை. ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "நான் பாதியிலை நிண்ட ஆள் பிள்ளை, எனக்கு அங்கை என்ன அலுவல்?" என்றார். அதைக் கவலையாகச் சொல்லவில்லை. ஊரறிந்த ஒன்றைச் சொல்வது போலச் சொன்னார்.

நூறு ஆண்டு நிறைவில் எம் சங்கம் தனக்குள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியும் இதுவென்றே நினைக்கிறேன். படிப்பை முடித்தவர்களின் வரலாறு எம்மிடம் ஓரளவு உண்டு. தகப்பன் இறந்ததால், கட்டணம் இல்லாததால், தம்பிமாருக்காக, திருமணத்துக்காக, ஷெல் விழுந்ததால் இடையில் நின்ற மாணவிகளின் வரலாறு எம்மிடம் இல்லை. இடப்பெயர்வுகளில் பல குடும்பங்களின் பத்திரங்களும் படங்களும் போய்விட்டன. மீதியிருப்பது தொண்ணூறு வயதைக் கடந்த சிலரின் ஞாபகத்தில்தான்.

யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ, ரொறன்ரோவிலோ இலண்டனிலோ இருந்து இதை வாசிக்கும் சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்திருப்பார். அவரின் பெயர், கல்லூரியிற் சேர்ந்த ஆண்டு, நின்ற வகுப்பு, நின்ற காரணம், அதன்பின் அவர் யார் யாரைப் படிப்பித்தார் என்பவற்றை ஒரு தாளில் எழுதிச் சங்கச் செயலாளருக்கு அனுப்புங்கள். இருப்பவர்களிடம் இந்த விடுமுறையிலேயே கேட்டுவிடுங்கள். எங்கள் வீட்டுத் தாளை நான் கொடுத்துவிட்டேன்: சேர்ந்தது 1930, நின்றது 1935, ஐந்தாம் வகுப்பு, படிப்பித்தது ஐந்து பிள்ளைகளையும் பதினொரு பேரப்பிள்ளைகளையும்.