திரையில்லாக் கணினியில் தமிழ் தெரிந்த வரலாறு



ஸ்ரீ கெம்பாங்கானில் நடைபெற்ற எங்கள் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒரு தந்தையார், "டீச்சர், கணினி அறை மூலையில் திரையே இல்லாமல் ஒரு பெட்டி ஓடுகிறதே, மின்சாரம் வீண்தானே?" என்று வினவினார். தமிழ்மொழித் தேர்வுத்தாள்கள் அப்பெட்டியில்தான் உருவாகின்றன. நான் அமர்வதோ ஆசிரியர் அறையிலுள்ள பழைய மடிக்கணினியின் முன். மென்பொருள் அங்கே இயங்கும். அதன் சாளரம் இங்கே திறக்கும். அம்மடிக்கணினியில் தமிழ் எழுத்துரு ஒன்றுகூட இல்லை. ஆயினும் தமிழ் பிழையின்றித் தெரிகிறது. கூட்டத்தில் விளக்க நேரமில்லை, ஆகவே இவ்விடுகை.

அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 1983இல் 'அதீனா' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. வளாகமெங்கும் பல நிறுவனங்களின் கணினிகள். எதில் அமர்ந்தாலும் மாணவன் தன் வேலையைத் தொடர வேண்டும். அதற்காக ராபர்ட் ஷைஃப்லரும் ஜிம் கெட்டிசும் 1984இல் 'எக்ஸ்' சாளர முறையை உருவாக்கினர். ஸ்டான்ஃபோர்டில் பிறந்த 'டபிள்யூ' முறையின் வழிவந்ததால் அடுத்த எழுத்தே பெயராயிற்று! 1987இல் வெளிவந்த 11ஆம் பதிப்பு இன்றும் பல லினக்ஸ் கணினிகளில் புழங்குகிறது. இதில் ஒரு வேடிக்கை: நம் முன்னுள்ள திரைக்கணினிதான் இம்முறையில் 'வழங்கி', தொலைவில் இயங்கும் மென்பொருள் அதன் வாடிக்கையாளர். எனக்கு இது மனத்தில் பதியவே சில நாள்கள் ஆயின.

தமிழருக்கு உண்மையான இடர் எழுத்துருவில் இருந்தது. தொடக்கத்தில் மென்பொருள், "இந்த எழுத்தை வரை" என்று எண்ணை மட்டும் அனுப்பும். திரைக்கணினி தன்னிடமுள்ள எழுத்துருவைத் தேடும். அங்கே தமிழ் இல்லையெனில் வெற்றுக் கட்டங்களே மிஞ்சும். மேலும், ஓர் எண்ணுக்கு ஒரு வடிவம் என்பதே அன்றைய விதி. 'கொ'வை எண்ணிப் பாருங்கள். யூனிகோடில் 'க' முதலிலும் ஒகரக் குறி பின்னும் நிற்கும். வரையும்போதோ அக்குறி இரண்டாகப் பிரிந்து ககரத்தின் இருபுறமும் அமர வேண்டும். அப்பழைய விதிக்கு இது எட்டாது.

2000ஆம் ஆண்டை ஒட்டி கீத் பேக்கர்ட் என்பார் வேறு வழி திறந்தார். எழுத்தின் வடிவத்தை மென்பொருள் இயங்கும் கணினியே ஆயத்தம் செய்து, படமாக அனுப்பும். எழுத்துரு அங்கே இருந்தால் போதும். என் மடிக்கணினியின் புதிர் இதுவே.

தேர்வுத்தாள் வழியில் கசியலாகாதல்லவா? அதற்கு எஸ்.எஸ்.எச். உதவுகிறது. ஹெல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்கள் திருடப்பட்டதைக் கண்டு தாத்து இலோனென் 1995இல் இயற்றியது இது. அதன் மறைகுறியாக்கப்பட்ட இணைப்பின் ஊடாகவே எங்கள் சாளரம் வருகிறது. 1998இல் வெளியான வி.என்.சி., முழுத் திரையையும் படமாக அனுப்பும் வேறொரு முறை, எங்களுக்குத் தேவைப்படவில்லை.

மறுவாரம் அத்தந்தையாரை அழைத்து, மடிக்கணினியில் 'கொ' தட்டிக் காட்டினேன். திரையைச் சற்று நேரம் பார்த்தார். பின்னர் மேசைக்கு அடியில் குனிந்து, கம்பி எந்தச் சுவருக்குள் போகிறது என்று தேடலானார்.