தந்தி விலாசத்திலிருந்து டொமைன் வரை

மெட்ராஸ் கப்பல் ஏஜென்சிகளின் பழைய லெட்டர்ஹெட்டுகளில் மேல் ஓரமாக 'கிராம்ஸ்' என்று ஒரு வரி இருக்கும். பக்கத்தில் ஒற்றைச் சொல். அதுதான் தந்தி விலாசம். வெளிநாட்டுத் தந்தியில் விலாசத்தின் ஒவ்வொரு சொல்லுக்கும் காசு. கம்பெனிப் பெயர், கதவு எண், தெரு என்று முழுக்க எழுதினால் சேதியைவிட விலாசத்துக்கே அதிகம் அழ வேண்டியிருக்கும். ஆகவே தந்தி அலுவலகத்தில் கட்டணம் கட்டி ஒரு சுருக்கப் பெயரைப் பதிந்துகொண்டார்கள். அதே ஊரில் அந்தப் பெயர் வேறு யாருக்கும் கிடையாது. ராயபுரத்துக் கம்பெனி தம்புச் செட்டித் தெருவுக்குக் குடிபோனால் தந்தி அலுவலகப் பதிவேட்டைத் திருத்தினால் போதும். சிங்கப்பூர் வியாபாரி வழக்கமான சொல்லுக்கே தந்தி அடிப்பார்.

இணையத்தின் டொமைன் முறையை 1983இல் வகுத்தவர் அமெரிக்கரான பால் மொக்கபெட்ரிஸ். ஆனால் அதன் ஆதாரமான ஏற்பாடு துறைமுக வணிகத்துக்குப் புதிதல்ல. டொமைன், கட்டணம் கட்டிப் பதியும் பெயர். ஹோஸ்டிங், இணையதளத்தின் கோப்புகளை வைக்க சர்வரில் எடுக்கும் வாடகை இடம். எந்தப் பெயருக்கு எந்த சர்வர் என்று சொல்லும் டி.என்.எஸ்.தான் இன்றைய பதிவேடு. இடத்தை மாற்றுவது எளிது, பெயரை மாற்றுவதுதான் பாடு. 2001இல் திறந்த எண்ணூர் துறைமுகம் 2014இல் காமராஜர் துறைமுகமானது. சரக்கு ஆவணங்களின் குறியீட்டில் இன்றும் 'ஈ.என்.ஆர்.' சென்னைத் துறைமுகம் இன்னும் 'எம்.ஏ.ஏ.', அதாவது மெட்ராஸ். பல கைகளில் பழகிய பெயரை ஓர் அரசாணையால் எல்லா இடத்திலும் அழிக்க முடிவதில்லை.

தந்திப் பெயர் ஓர் ஊருக்குள் செல்லுபடியானது, டாட் காம் உலகம் முழுவதற்கும் ஒன்றுதானே என்று கேட்கலாம். நியாயம். மெட்ராஸிலும் பம்பாயிலும் இரு கம்பெனிகள் ஒரே சொல்லை வைத்துக்கொள்ள முடிந்தது; டாட் காமில் முந்தியவருக்கே பெயர். 2005இல் டாட் இன் பதிவு தாராளமாகத் திறந்தது அந்த நெருக்கடியைக் கொஞ்சம் தளர்த்தியது. டொமைன், ஹோஸ்டிங் இரண்டையும் ஒரே கடையில் வாங்கினால் என்ன என்பது அடுத்த கேள்வி. வாங்கலாம், பில் ஒன்றாக இருப்பதில் கேடில்லை. பதிவு யார் பெயரில் என்பதே விஷயம். தந்தி விலாசம் கம்பெனியின் பெயரிலேயே பதிவானது. இன்றோ திருவொற்றியூர் லேத் பட்டறைக்குத் தளம் செய்து கொடுப்பவர் தன் மின்னஞ்சலிலேயே டொமைனைப் பதிந்துவிடுகிறார். புதுப்பிக்கச் சொல்லும் அறிவிப்பும் அவருக்குத்தான் போகும். அவர் தொழிலை விட்டுவிட்டால் கெடு தாண்டும், சலுகைக் காலமும் கழியும், பிறகு பெயரை எந்த நாட்டுக்காரரும் எடுத்துக்கொள்ளலாம். பட்டறையின் விசிட்டிங் கார்டில் அச்சான முகவரி அப்படி எடுத்தவரின் கடையைத்தான் திறக்கும்.