பட்டணம் சென்ற பயணிக்கு ஒரு கூரை

செஞ்சி வட்டாரத்து வல்லத்தார்க்குச் சென்னை செல்லத் திண்டிவனமே வாசல். அங்கு ரயிலேறியோர், 1908இல் திறக்கப்பட்ட எழும்பூர் நிலையத்தில் இறங்கினர். 1931இல் கடற்கரை–தாம்பரம் மின்ரயில் ஓடத் தொடங்கியபின் நகருக்குள் செல்வதும் எளிதாயிற்று. ஆயினும், சிகிச்சைக்கும் வழக்குக்கும் வந்த எளியவர்க்கு இரவுத் தங்கலே பெருங்கவலை.

அதனை உணர்ந்தவர் மேல்விஷாரத்து வள்ளல் நவாப் சி. அப்துல் ஹகீம் சாஹிப் (1863–1938). சென்ட்ரல் ரயில் நிலையத்தருகே அவர் எழுப்பிய சித்தீக் சராய், வெளியூர் முஸ்லிம்களுக்குத் தங்குமிடமாயிற்று. அரசுப் பொது மருத்துவமனையும் அதற்கு அண்மையிலேயே உள்ளது.

ஜகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினருள் வழிப்போக்கரையும் அல்லாஹ் சேர்த்துள்ளான் (9:60). ஊரில் வசதியாய் வாழ்பவரும் பயணத்தில் கையற்று நிற்க நேரிடும் என்பதை நாம் இதிலிருந்து உணர்கிறோம்.

இன்று நம் பகுதிப் பேருந்துகள், 2023 டிசம்பரில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கத்தோடு நின்றுவிடுகின்றன. பொது மருத்துவமனையோ அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர். கைப்பேசி வழியைக் காட்டிவிடும். நோயாளியுடன் வந்த தாய்க்கு ஓர் இரவு இடமளிக்க மனிதர்தாம் வேண்டும். சென்னையில் வீடுள்ள நாம், ஊரிலிருந்து வருவோர்க்கு அந்த இடத்தை அளிப்போமாக. ஹகீம் சாஹிப் தொடங்கிய பணி நம் இல்லங்களில் தொடரட்டும், இன்ஷா அல்லாஹ்.