பொழுதும் பிசான நெல்லும்

தாமிரபரணி கடலை நெருங்கும் கடைப்பகுதியில் அமைந்த ஊர் ஏரல். நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ எட்டரைப் பாகை வடக்கே இருப்பதால், அங்கே ஆண்டின் மிக நீண்ட பகல் 12 மணி 37 நிமிடம். மிகக் குறுகிய பகல் 11 மணி 37 நிமிடம். வேறுபாடு ஒரு மணி நேரமே. இலண்டன் மாநகரிலோ அது ஒன்பது மணி நேரத்தை நெருங்குகிறது. ஆகவே, பகலின் நீளத்துக்கும் பயிருக்கும் உள்ள உறவு மேல்நாட்டாரின் கவலை, நமக்கு அதனால் ஆவதென்ன என்று மாணவர் சிலர் வினவக்கூடும். நாம் உணராத அந்த ஒரு மணி நேரத்தை நெற்பயிர் உணர்கிறது என்பதே என் விடை.

இப்பகுதியில் நெல்லின் வரலாறு மிகப் பழையது. ஆதிச்சநல்லூரில் அலெக்சாந்தர் ரீ அகழ்ந்த தாழிகளில் நெல் உமி காணப்பட்டது. ஏரலுக்கு அண்மையிலுள்ள சிவகளையில் தாழி ஒன்றில் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 எனக் கணிக்கப்பட்டதாகத் தமிழக அரசு 2021 செப்டம்பரில் அறிவித்தது.

தாமிரபரணிப் பாசனத்தில் நெல்லுக்கு இரு பருவங்கள் உண்டு. ஆனியில் தொடங்கிப் புரட்டாசியில் முடிவது கார். புரட்டாசி, ஐப்பசியில் நட்டு, மாசி, பங்குனி வரை செல்வது பிசானம். பிசானத்துக்கு உரிய பழைய நீண்டகால ரகங்களுக்கு ஒரு தனிக்குணம் இருந்தது. சில வாரங்கள் முன்பின்னாக விதைத்தாலும் அவை ஏறக்குறைய ஒரே காலத்தில் கதிர் வாங்கும். முந்தி விதைத்தவன் வைக்கோலை மிகுதியாகப் பெறுவான். பிந்தி விதைத்தவனுக்குத் தூர் குறையும், விளைச்சலும் குறையும். உழவர் இதனை அனுபவத்தால் அறிந்திருந்தனர். காரணத்தை அறிய உலகம் 1920 வரை காத்திருக்க நேர்ந்தது.

அமெரிக்க வேளாண்மைத் துறையைச் சேர்ந்த கார்னர், அல்லார்டு என்னும் இருவர், கோடையில் பூக்காமல் ஆளுயரத்துக்கும் மேலே வளர்ந்து கொண்டே போன ஒரு புகையிலை ரகத்தைக் கண்டு வியந்தனர். அதுவே குளிர்காலத்தில் கண்ணாடி வீட்டுக்குள் சிறு செடியாகவே பூத்தது. வெப்பமா, ஈரமா, உரமா என்றெல்லாம் ஆராய்ந்து பார்த்துவிட்டு, 1918 கோடையில் நாய்க்கூடு போன்ற ஓர் இருட்டறையை அமைத்து, மாலை நான்கு மணிக்கே செடிகளை உள்ளே வைத்தனர். செடிகள் பூத்தன! இத்துணை எளிய கருவியால் இத்துணைப் பெரிய உண்மை வெளிப்பட்டது விஞ்ஞான வரலாற்றில் அரிது என்பது என் கருத்து. 1938இல் ஹாம்னர், பான்னர் என்போர் மேலும் ஒன்றைக் காட்டினர். குறும்பகல் பயிர் உண்மையில் அளப்பது பகலை அன்று, இரவை. நள்ளிரவில் சிறிது நேரம் விளக்கைக் காட்டினால் பூப்பது தடைப்படும். நெல்லும் இவ்வினத்தைச் சேர்ந்ததே.

இனி, உணவின் தரத்துக்கு வருவோம். பகல் குறுகினால் சத்து கூடும், நீண்டால் குறையும் என்று சூத்திரம் எழுதிவிட முடியாது. அதே ஹாம்னர் வேறு இருவருடன் சேர்ந்து 1945இல் தக்காளியின் வைட்டமின் ‘சி’ பற்றி வெளியிட்ட ஆய்வில், பறிப்பதற்கு முன்னைய நாட்களில் செடி பெற்ற ஒளியின் வலிமையே முதன்மையாக நின்றது. கீரை வகைகளிலும் ஒளி குன்றினால் இலையில் நைட்ரேட்டு தங்கிவிடுகிறது. (ஏரலை அடுத்த ஆத்தூர்க் கொடிக்கால்களில் வெற்றிலைக்கு அகத்தி நிழல் தருகிறார்கள். அங்கே வேண்டுவது இலையின் மென்மை. அது வேறு கணக்கு.)

நெல்லில் பகலின் செல்வாக்கு மறைமுகமானது. பயிர் எந்த நாளில் பூக்க வேண்டும் என்பதை அது முடிவு செய்கிறது. மணி எந்தத் தட்பவெப்பத்தில் முற்றுகிறது என்பது அதனைத் தொடர்ந்து வருகிறது. பால் பிடிக்கும் காலத்தில் இரவும் பகலும் வெம்மை மிகுந்தால் மாவுச்சத்து நெருக்கமாக அடையாது. மணி சுண்ணாம்பு போல் வெளுத்து, அரைக்கும்போது நொறுங்கி நொய்யாகும். சோற்றின் பதமும் மாறும். பழைய பிசான நெல் மழை ஓய்ந்து, இரவு குளிர்ந்திருக்கும் தை, மாசியில் முற்றியது. அந்த அரிசியின் பெயருக்கு இதுவும் ஒரு காரணம் எனக் கருதுகிறேன்.

பிலிப்பைன்சு நாட்டில் 1966இல் வெளியான ஐ.ஆர்.8, பகலின் நீளத்தைப் பொருட்படுத்தாத நெல். எப்பருவத்தில் நட்டாலும் நாட்கணக்கில் விளைந்தது, பசியைத் தணித்தது. ஆனால் அதன் அரிசி வெளுத்து நொறுங்கியது. சோறு ஆறியதும் விறைத்தது. இக்குறைகள் அதன் பரம்பரையைச் சேர்ந்தவை. பகலைக் குறை கூறுவதற்கில்லை. 1937இல் தொடங்கிய அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1986இல் தந்த ‘அம்பை 16’ நூற்றுப் பத்து முதல் நூற்றுப் பதினைந்து நாட்களில் விளைவது. இத்தகைய ரகங்களில் அறுவடை நாள் மடை திறந்த நாளைப் பொறுத்தது. தண்ணீர் தாமதித்தால் மணி முற்றுவது வெயில் ஏறும் பங்குனிக்குத் தள்ளிப்போகும். முந்தி நட்டால் கதிர் மார்கழி மழையில் நனையக்கூடும். 2023 டிசம்பர் 17, 18 நாட்களில் காயல்பட்டினத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, ஏரலும் வெள்ளத்தில் மூழ்கியது. அத்தகைய வெள்ளத்தின் முன் பழைய ரகமும் நில்லாது, புதிய ரகமும் நில்லாது. ஆண்டுதோறும் வரும் இயல்பான மழைக்குத்தான் பழைய நெல்லின் நாள் பொருந்தியிருந்தது.

பழைய சம்பா ரகங்களை இன்றும் பயிரிடுவோர் உளர். அவ்வயல் ஒன்று தெருவிளக்கை ஒட்டியிருந்தால், மாணவர்கள் மார்கழியில் போய்ப் பார்க்கலாம். வயலெங்கும் கதிர் தலைசாய்ந்திருக்க, விளக்கின் கீழுள்ள பயிர் மட்டும் கதிர் வாங்காமல் பசுமையாய் நிற்கும்.